ஐந்தாவது வீடு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். சாய்ந்தமருதில் என்னிடம் உடற்கல்வி படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பேய், கண்ணூறு, செய்வினை என்று யாராவது வாயைத் திறந்தால் அந்தக் கோபம் இரட்டிப்பாகும். விளையாட்டுப் போட்டிக்குத் தாயத்துக் கட்டிக்கொண்டு வந்த ஒருவனை மைதானத்தில் எட்டுச் சுற்று ஓடவிட்டு, "இப்ப ஓடினது நீயா, ஒண்ட தாயத்தா?" என்று கேட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, ஜவாத் மாஸ்டர் பிறவிப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

நாடு கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தான அடுத்த வருடம் எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாகச் சம்பளமில்லா லீவு போட்டுக்கொண்டு மாலைதீவுக்குப் போனார்கள். கணக்குப் படிப்பிக்க ஒருவர், இஸ்லாம் படிப்பிக்க ஒருவர். நான் கூடைப்பந்து பழக்கப் போனேன். தெற்குப் பக்கம் ஒரு சின்னத் தீவு. ஒரு பள்ளிவாசல், ஒரு பாடசாலை, ஒரு கூடைப்பந்துத் திடல். நடக்கத் தொடங்கினால் அரை மணித்தியாலத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். அந்தத் தீவுக் கழகம் வருடம் தவறாமல் கிண்ணப் போட்டிக்குப் போய், வருடம் தவறாமல் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விக்கொண்டு திரும்பும். என்னைக் கூப்பிட்டதே அதனால்தான்.

விளையாட வந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற ஆண்கள். தீவுச் சபையில் கிளார்க், ஹோட்டலில் சமையல், துறைமுகத்தில் சாமான் ஏற்றுகிறவன். சூரை மீன் பிடிக்கிற படகில் தூண்டில் போடுகிற ஷிஃபான்தான் அவர்களில் ஆள். ஆறடி நாலங்குலம். தூண்டிலை வீசி வீசி அவன் தோள் இரும்பாகியிருந்தது. பந்து அவன் கைக்கு வந்தால் கூடைக்குள் போய்த்தான் நிற்கும். ஆனால் பாதுகாப்பாட்டம் என்றால் என்னவென்று ஒருவனுக்கும் தெரியாது. ஆறு மாதம் அவர்களை வெயிலில் காய்ச்சி எடுத்தேன். திட்டுவதெல்லாம் தமிழில்தான். அவர்களுக்கு விளங்காது, எனக்கும் மனம் ஆறும்.

அரை மணித்தியாலப் படகு ஓட்டத்தில் அடுத்த தீவு. அங்கே பயிற்சியாளர் கிசோக். கல்முனைத் தமிழ்ப் பிள்ளை. வலய மட்டப் போட்டிகளில் எத்தனையோ தடவை என் அணியைத் தோற்கடித்தவன், நானும் அவனுடையதைத் தோற்கடித்திருக்கிறேன். ஊரில் நடுவரைப் பார்த்துச் சண்டை பிடித்த நாங்கள் இருவரும் இந்தக் கடலுக்கு நடுவில் ஒரு வயிற்றுப் பிள்ளைகளைப் போல் ஆகிவிட்டோம். ஒவ்வொரு பின்னேரமும் போனில் கதைப்போம். என் மகள் பஹ்மிதாவைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதற்கு நம்பிக்கையான ஓட்டோ வேண்டும் என்று நான் சொன்னபோது, "எண்ட தம்பி ஜதுசன் இரிக்கான் மாஸ்டர், மறுகா என்னத்துக்கு வேற ஆள்?" என்று கிசோக்தான் ஒழுங்குபண்ணித் தந்தான். ஜதுசனுக்கு இருபத்தாறு வயது. பஹ்மிதாவுக்கு ஆறு. அவள் அவனை 'ஓட்டோ அண்ணா' என்பாள். அவனுடைய ஓட்டோவில் எந்தப் பாட்டுப் போட வேண்டும் என்பதை அவள்தான் தீர்மானிப்பாள்.

எங்கள் வீடு தோணா ஒழுங்கையில் இருக்கிறது. எங்கள் வீடு என்று சும்மா சொல்கிறேன், எங்கள் பக்கத்து வழமைப்படி அது என் மனைவி றிபாவின் சீதன வீடு. நான் அங்கே வந்து குடியேறிய மாப்பிள்ளை. ஒழுங்கை வாசலிலிருந்து ஒரே வரிசையாக வீடுகள். முதல் வீடு சீனிமுகம்மது காக்காவுடையது. இரண்டாவது தையல்காரி ஹுஸ்னியா. மூன்றாவது வள்ளக்கார முகம்மது தம்பி. நாலாவது மின்சார சபையில் வேலை செய்கிற அஹ்ஸனும் அவனுடைய புது மனைவி நதீராவும். ஐந்தாவதில் றிபாவும் பஹ்மிதாவும்.

ஊரில் யாராவது மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் சொல்வார்கள். இன்னாருடைய கணவர், இன்னாருடைய வாப்பா, இன்ன ஒழுங்கை, இத்தனை மணிக்கு நல்லடக்கம். இப்போது அது வட்ஸ்அப்பிலும் வரும். எங்கள் பள்ளிவாசல் மஹல்லாக் குழுவில் அதாவுல்லா என்பவர்தான் அதைப் போடுவார். வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது அவருடைய விரலில்தான் தெரியும்.

முதல் போட்டியில் வென்றோம். பன்னிரண்டு புள்ளி வித்தியாசம். தீவே துள்ளியது. நான் வியர்வையோடு பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். குழுவில் ஓர் அறிவித்தல். தோணா ஒழுங்கையைச் சேர்ந்த அல்ஹாஜ் சீனிமுகம்மது. மனிதருக்கு எழுபத்தெட்டு வயது. இன்னாலில்லாஹ் போட்டுவிட்டு, றிபாவுக்கு எடுத்துக் கவலை சொன்னேன். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் இரண்டாவது போட்டி. அதையும் வென்றோம். அன்று வந்த அறிவித்தலில் ஹுஸ்னியா. நாற்பத்திரண்டு வயது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஹ்மிதாவின் பெருநாள் சட்டைகள் எல்லாம் அவள் தைத்ததுதான்.

"நோய் வருத்தம் ஒண்டும் இல்ல மச்சான்," என்றாள் றிபா போனில். "அசறு தொழுதிட்டு எழும்பினவவாம். வாசல்ல ஆரோ ஸலாம் சொன்னமாதிரிக் கேட்டிச்சாம். பதில் சொல்லிக்கிட்டே போய்ப் பாத்தாவாம். ஒருத்தரும் இல்லியாம். வந்து கதிரையில இருந்தாவாம், அவ்வளவுதான். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து பாத்தா, உசிர் இல்ல."

"ஹார்ட் அட்டாக்," என்றேன்.

"ஓம், டொக்டரும் அதத்தான் சொன்னாராம்."

மூன்றாவது போட்டியில் தோற்றோம். நடுவரோடு வாய்த்தர்க்கப்பட்டு நான் எச்சரிக்கை வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். அன்று ஊரில் ஒரு மௌத்தும் இல்லை. குழுவில் யாரோ மாம்பழம் விற்பனைக்கு இருப்பதாகப் போட்டிருந்தார்கள்.

நாலாவதை வென்றோம். முகம்மது தம்பி. வள்ளம் தள்ளித் தள்ளி உரமேறிய உடம்பு, நெஞ்சு நோவு என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கதிரையில், வாசலைப் பார்த்தபடி இருந்தாராம். அதற்குக் கொஞ்சம் முன்னால் "வஅலைக்கும் ஸலாம், உள்ள வாங்க" என்று அவர் சொன்னது அடுப்படியில் நின்ற மனைவிக்குக் கேட்டதாம். விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்து, அவள் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி கொண்டு போயிருக்கிறாள்.

றிபா இதைச் சொல்லிவிட்டு, "ஒழுங்கைக்குள்ள வரிசையா வருது, கவனிச்சீங்களா மச்சான்?" என்றாள்.

"விசர்க்கதை கதைக்காத. பக்கத்துப் பக்கத்து வீட்டில மௌத்து விழாத ஊர் எது?" என்று அவள் மேல் பாய்ந்தேன். கோபத்தில் போனை வைத்தும் விட்டேன்.

அன்று பின்னேரம் திடலைச் சுற்றித் தனியாக நடந்தேன். நான் கணக்கு வாத்தியார் இல்லை. ஆனால் விளையாட்டுக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரணி ஒரே ஆட்டத்தை மூன்று தரம் ஆடினால் நாலாவது தரம் பந்து எங்கே வரும் என்று கால் தானாக நகரும். வென்ற நாள் ஒன்று, முதல் வீடு. வென்ற நாள் இரண்டு, இரண்டாம் வீடு. தோற்ற நாள், ஒன்றுமில்லை. வென்ற நாள் மூன்று, மூன்றாம் வீடு. ச்சீ, நீயும் ஒரு மனிசனா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது போட்டியில் தோற்றோம். ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. நான் தோல்விக்குச் சந்தோசப்பட்டேன். உடுப்பு மாற்றும் அறையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த ஷிஃபான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அதில் அவன் என்னத்தைக் கண்டானோ, சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டான். தோற்றும் அரையிறுதிக்குத் தெரிவாகிவிட்டோம். அந்தத் தீவு வரலாற்றில் முதல் தடவை.

அரையிறுதியில் நான் ஒன்றும் செய்யவில்லை. கெடுக்கவுமில்லை, உருப்படியாகப் பழக்கவுமில்லை. வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் இருந்தேன். ஆனால் ஆறு மாதம் வெயிலில் காய்ந்தவர்களுக்கு இனி என் வாய் தேவையிருக்கவில்லை. ஷிஃபான் முப்பத்தொரு புள்ளி போட்டான். கடைசி விசில் ஊதும்போது நான் போனைக் கையில் வைத்திருந்தேன். குழுவின் தலைப்புக்குக் கீழே, 'அதாவுல்லா எழுதுகிறார்' என்று காட்டியது. எழுதுகிறார், எழுதுகிறார், எழுதுகிறார். பையன்கள் வந்து என்னைத் தூக்கிக் காற்றில் வீசினார்கள். கீழே இறங்கிப் பார்த்தபோது அறிவித்தல் வந்திருந்தது.

அஹ்ஸன். முப்பத்தொரு வயது. எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம். கலியாணம் முடித்து ஏழு மாதம்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? நான் பயந்தேன். றிபாவுக்கும் பஹ்மிதாவுக்கும் ஏதாவது நடந்தால் நான் எந்த முகத்தோடு இந்தக் கடலைத் தாண்டி ஊருக்குப் போவேன்? இறுதிப் போட்டிக்கு எட்டு நாள் இருந்தது.

றிபாவிடம் போட்டியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், அல்லது சிரிக்கமாட்டாள். இரண்டையும் என்னால் தாங்க முடியாது. நற்பிட்டிமுனையில் இருக்கிற அவளுடைய தங்கச்சி நஸ்லியா வீட்டில் இரண்டு கிழமை போய் இரு என்றேன்.

"எப்பிடிப் போற? நதீரா இத்தாவில இரிக்கா. வெளிய இறங்கேலாத புள்ள. தனிய. மூணு நேரமும் நான்தான் சோறு கொண்டுபோய்க் குடுக்கன். அவள உட்டுட்டு நான் சுகமா தங்கச்சிட வீட்டில போய் இரிக்கிறதா? ஊர் காறித் துப்பாதா?"

அவள் சொன்னதில் பிழையில்லை. கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். பக்கத்து வீடுதான் அவளுக்குக் கை கால். கெஞ்சினேன், சத்தம் போட்டேன், கடைசியில் பொய் சொன்னேன். வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போ, எனக்குக் கெட்ட கனவு ஒன்று வந்தது என்றேன். கனவு என்றதும் அவள் குரல் இளகியது. நான் கனவைப் பற்றிச் சொன்னது அவளுடைய வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

"சரி. ஒரு பின்னேரத்துக்குத்தானே. போய்ட்டு மஹ்ரிபோட வாறன்."

"நாலு மணிக்கு முதல் வெளிக்கிடோணும். அதுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள்ள ஒருத்தரும் இரிக்கப்படாது. வாசல்ல ஆர் ஸலாம் சொன்னாலும் போகாத."

"ஸலாத்துக்குப் பதில் சொல்லாம இரிக்கேலுமா மச்சான்? அது கடமையெல்லுவா."

"மனசுக்குள்ள சொல்லு!" என்று கத்தினேன். பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மாலைதீவுக்காரன் கத்தியோடு திரும்பிப் பார்த்தான்.

போட்டிக்கு முதல்நாள் கிசோக்குக்கு எடுத்தேன். இறுதிப் போட்டியில் எங்களுக்கு எதிரணி அவன்தான்.

"என்ன மாஸ்டர், சமாதானம் பேசவா எடுத்த?" என்று அவன் கிண்டலடித்தான். "கிண்ணத்த ரெண்டாப் பிளந்து கல்முனைக்குப் பாதி, சாய்ந்தமருதுக்குப் பாதியா?"

"எனக்கு ஒரு உதவி வேணும். நாளைக்குப் பின்னேரம் றிபாவையும் மகளையும் நற்பிட்டிமுனைக்குக் கொண்டுபோய் உடோணும். ஜதுசனுக்குச் சொல்லுவியா? நாலுக்கு முதல் வரச் சொல்லு. கட்டாயம்."

"அவனுக்கு நாளைக்கு வேற ஒரு ஓட்டம் இரிக்கி. பறவால்ல, அத உடச்சொல்றன். உங்கட மகளுக்கு எண்டா அவன் தலயால வருவான்." பிறகு, "என்ன மாஸ்டர், குரல் ஒரு மாதிரி இரிக்கி?" என்றான்.

"காய்ச்சல்," என்றேன்.

அந்த நேரத்தில் அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனும் எதிரணிப் பயிற்சியாளன் அல்லவா, மாஸ்டருக்கு மூளை பிசகிவிட்டது என்று தீவுக்குத் தீவு சொல்லிச் சிரிப்பான் என்று நினைத்தேன். கிசோக் அப்படிப்பட்ட ஆளில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

வெள்ளிக்கிழமை. போட்டி கிசோக்கின் தீவில், நாலு மணிக்கு. எங்கள் ஊர்க் கடிகாரம் மாலைதீவைவிட அரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது, ஆகவே ஊரில் நாலரை. தொடங்குவதற்கு முதல் றிபாவுக்கு எடுத்தேன். பதிலில்லை. வெளிக்கிட்டுவிட்டாள், ஓட்டோ சத்தத்தில் கேட்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். போனை நடுவர் மேசையில் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன்.

எங்கள் தீவு முழுவதும் படகேறி வந்திருந்தது. பெண்கள், பிள்ளைகள், பள்ளிவாசல் இமாம் உட்பட. தகரத்தில் தட்டிக்கொண்டு ஷிஃபானின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் அன்று ஆடிய ஆட்டத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. கிசோக் இரண்டு பேரை அவன் மேல் போட்டான், மூன்று பேரைப் போட்டான். அவன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு எழும்பினான். மூன்றாவது கால் ஆட்டம் முடியும்போது ஒன்பது புள்ளி முன்னுக்கு நின்றோம்.

நடுவர் மேசையில் இருந்த கடிகாரம் ஐந்து மணி பத்து நிமிடம் காட்டியது. நான் கையைத் தூக்கி ஷிஃபானை வெளியே எடுத்தேன்.

அவனுக்கு விளங்கவில்லை. சைகை வேறு யாருக்கோ என்று நினைத்து அப்படியே நின்றான். இரண்டாம் தரம் கூப்பிட்டேன். வந்து என் முன்னால் நின்றான். "ஸேர், நான் களைக்கவில்லை," என்றான் ஆங்கிலத்தில். "உன் முழங்காலைப் பார்த்தேன், நொண்டுகிறாய்," என்றேன். "இல்லை ஸேர்." "உட்கார்!" என்று கத்தினேன். உட்கார்ந்தான். கடைசிப் பத்து நிமிடமும் அவன் என் பக்கத்தில்தான் இருந்தான். அவனுடைய மூச்சு எனக்குக் கேட்டது. அணி துண்டு துண்டாக உடைந்தது. ஒன்பது ஆறாகி, ஆறு இரண்டாகி, பிறகு எங்களுக்கு மேலே போனது. தகரச் சத்தம் நின்றது. இமாம் எழும்பி வந்து, அவனை இறக்கு என்று கையால் காட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய முகத்தைப் பார்த்திருந்தால் இறக்கியிருப்பேன், அதுதான் பார்க்கவில்லை.

மூன்று புள்ளியால் தோற்றோம். ஷிஃபான் சட்டையைக் கழற்றி, மடித்து, பெஞ்சில் என் பக்கத்தில் வைத்துவிட்டு வெறும் மேலோடு படகுத்துறைக்குப் போனான்.

போனை வாங்கினேன். குழுவைத் திறந்தேன். அறிவித்தல் இல்லை. அதாவுல்லா எழுதவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். யாரோ ஜும்ஆ முபாரக் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு அந்தச் சீமெந்துத் தரையிலேயே சுஜூது செய்தேன். தோற்ற அணியின் பயிற்சியாளன் நெற்றியைத் தரையில் வைத்து அழுவதைப் பார்த்து நாலைந்து பேர் இரக்கப்பட்டிருப்பார்கள். நான் அழுதது சந்தோசத்தில். வீடு தப்பிவிட்டது.

அப்போது றிபா எடுத்தாள்.

"மச்சான்," என்றாள்.

"மகள் எங்க?"

"மகள் இஞ்சதான். எனக்கும் ஒண்டுமில்ல. ஜதுசன், மச்சான். ஜதுசன் மோசம் போயிட்டான், உசிர் இல்ல."

நான் எழும்பி நின்றேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவன் நாலு மணிக்கு முதலே வந்துவிட்டான். பஹ்மிதாவின் குர்ஆன் மத்ரஸா அன்று பிந்தித்தான் விட்டது. நதீராவுக்குச் சோறும் குடுத்துவிட்டுத்தான் இவள் வெளிக்கிட்டிருக்கிறாள். எல்லோரும் ஓட்டோவில் ஏறின பிறகு, மருந்துப் பை வீட்டுக்குள் கிடக்கிறது என்று மகள் அழுதிருக்கிறாள். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு, அந்தப் பை இல்லாமல் அவள் எங்கேயும் போகமாட்டாள். 'நீங்க இரிங்கக்கா, நான் எடுத்திட்டு வாறன்' என்று ஜதுசன் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான்.

"உள்ளுக்க அவன் ஆரோடயோ கதைச்சது கேட்டிச்சி மச்சான். ரோட்டுக்கே கேட்டிச்சி. 'அவங்க ஒருத்தரும் இல்ல, நான் மட்டும்தான் இரிக்கன்' எண்டான். ஆரு வந்தது எண்டு நான் எட்டிப் பாத்தன். கேட்டடியில ஒருத்தரும் இல்ல. கொஞ்ச நேரமாகியும் வரல்ல. போய்ப் பாத்தா, கதிரையில இரிக்கான். மடியில புள்ளட பை."

"எத்தின மணிக்கு?"

"அஞ்சரை இரிக்கும்."

இங்கே ஐந்து மணி. அந்த நேரம் ஷிஃபான் திடலுக்குள் நின்றான். நாங்கள் முன்னுக்கு நின்றோம்.

குழுவில் அறிவித்தல் வராததன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிவாசலில் எங்கள் ஆட்களின் மௌத்தை மட்டும்தான் சொல்வார்கள். முஸ்லிம் அல்லாத ஜதுசனின் பெயரை அதாவுல்லா ஏன் எழுதப் போகிறார்? எங்கள் வீட்டு முன்னறைக் கதிரையில் ஒருவன் செத்துக் கிடக்க, அறிவித்தல் இல்லை என்று நான் இங்கே சுஜூது செய்திருக்கிறேன்.

"அவங்கட வீட்டுக்கு ஆள் போயிரிக்கி," என்றாள் றிபா. "அண்ணன்காரனுக்கு இன்னம் ஒருத்தரும் சொல்லல்லியாம். நீங்கதானே பக்கத்தில இரிக்கீங்க. நீங்கதான் சொல்லோணும் மச்சான்."

திடலின் மறுபக்கம் கிசோக்கை அவனுடைய பையன்கள் தண்ணீரால் குளிப்பாட்டியிருந்தார்கள். கழுத்தில் பதக்கம், கையில் கிண்ணம். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தான். பக்கத்தில் வந்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டான். தோற்றவன் முன்னால் அதிகம் சிரிக்கக் கூடாது என்கிற மரியாதை தெரிந்த பிள்ளை.

"மாஸ்டர், ஒரு உண்மை சொல்லுங்க. அந்த நெட்டயன ஏன் வெளிய எடுத்த? அவன் நிண்டிருந்தா நாங்க முடிஞ்சம்."

நான் அவனுடைய கழுத்தில் கிடந்த பதக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி உடுங்க, மறுகா கதைப்பம். இத ஒரு பக்கம் பிடிங்க." கிண்ணத்தின் ஒரு காதை என் கையில் திணித்தான். தோளில் கை போட்டுக்கொண்டு போனை நீட்டிப் பிடித்தான். "சிரிங்க மாஸ்டர். ஊருக்கு அனுப்பப் போறன்."

நான் சிரித்தேன். அந்தப் படம் இப்போதும் என் போனில் இருக்கிறது. நன்றாகத்தான் சிரித்திருக்கிறேன்.

அவன் படத்தை ஜதுசனுக்கு அனுப்பினான். கீழே, 'ஒண்ட ஓட்டத்த உட்டதுக்கு மாஸ்டர்ட நன்றி' என்று எழுதினான். இரண்டு டிக் விழுந்தது. அது நீலமாகட்டும் என்று, ஈரக் கையால் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். என் கையில் கிண்ணம் இன்னும் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, "கிசோக்," என்றேன், "தம்பி, கொஞ்சம் இரு."